முட்டுப் பிரிக்கும் நாள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஏறிய இடத்திலேயே நகராமல் நின்று கொட்டியது. மறுநாள் காலை மயிலத்தில் பதிவான மழை ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதற்கடுத்த விடியலில் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் வர, தென்பெண்ணை கரை புரண்டது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்கள் நின்றன. இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. வராத செய்தி ஒன்று உண்டு. அந்த வாரம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் எத்தனையோ தெருக்களில் யாரோ ஒருவர், தன் வீட்டைக் கட்டிய மேஸ்திரியின் போன் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு நம்பர் கிடைத்தது. மேஸ்திரியும் வந்தார். கூடத்து பீமுக்கு அடியில் நாற்காலி போட்டு ஏறி, ஓதம் இறங்கியிருந்த விரிசலை விரலால் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கே சொன்னேன் சார்" என்றார்.

சொன்னார்தான். பதினோரு வருடத்துக்கு முன் தளம் போட்டபோது, பீமுக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்த முட்டுகளை இரண்டு வாரம் தொடக்கூடாது என்றார். எனக்குக் கிரகப்பிரவேச நாள் குறித்தாகிவிட்டது. டைல்ஸ் ஒட்டுகிறவர் காத்திருந்தார். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஒன்பதாம் நாளே, "பிரிக்கலாமா மேஸ்திரி?" என்று ஆரம்பித்தேன். "இன்னும் அஞ்சு நாள் போவட்டும் சார்" என்றார். விடாமல் கேட்டேன். பிரித்தார். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கு 14 நாள் முட்டு இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கான்கிரீட் விதி சொல்வதைப் பிற்பாடுதான் படித்தேன். பள்ளிப் படிப்பை முடிக்காத அந்த மனிதர் சொன்ன கணக்கும் விதிப்புத்தகம் சொல்லும் கணக்கும் ஒன்று. அவரிடம் அறிவு இருந்தது. என்னிடம் அவருக்குச் சேர வேண்டிய பாக்கிப் பணம் இருந்தது. அன்று பணம்தான் வென்றது.

இதை எழுதக் காரணம், நம் ஊர்களில் வீட்டு வேலையைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதுதான். வீட்டுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்தால் மேஸ்திரி ஏமாற்றிய கதை வரும். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு சைட்டுக்குப் போனார், பூச்சில் மணலே அதிகம், மட்டம் பார்க்காமல் பாத்ரூம் தரையைப் போட்டார் என்று நீளும். டீக்கடைப் பக்கம் போய்க் கொத்தனார்களிடம் உட்கார்ந்தால் அங்கே வீட்டுக்காரர்களின் கதை. பேசிய ரேட்டைப் பாதியில் குறைத்தார், சேர்த்துச் செய்த வேலைக்குக் கணக்கே கொடுக்கவில்லை, கடைசிப் பணத்துக்கு ஆறு மாதம் அலைய விட்டார். இரண்டு கதைகளும் உண்மை. ஒரு வீட்டின் விரிசலில் இரண்டு பேரின் கைரேகையும் இருக்கிறது.

வீட்டுக்காரர் செய்யும் தவறு பெரும்பாலும் கான்கிரீட் போட்ட பிறகு தொடங்குகிறது. இன்று நாம் கடையில் வாங்குவது பெரும்பாலும் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட். சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டுமென்றால் இதற்குக் குறைந்தது 10 நாள் வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூணில் சாக்கு சுற்றி நனைப்பதும், சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் அடிப்பதும் யார் வேலை? பேசும்போது யாரும் இதைக் கேட்பதில்லை. மேஸ்திரி வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று நினைக்கிறார், வீட்டுக்காரர் மேஸ்திரி ஆள் அனுப்புவார் என்று நினைக்கிறார். சித்திரை வெயிலில் மூன்றாம் நாளே தளம் காய்ந்து வெளுத்துக் கிடக்கும். கோடை முடிந்து மழை வந்தால்தான் அதன் விலை தெரியும்.

கொத்தனார் பக்கத் தவறு கலவையில் இருக்கிறது. 1:1½:3 என்று கலக்கும் கான்கிரீட்டுக்கு ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டர் தண்ணீர்தான் உச்ச அளவு. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதற்குள் அடக்கம். தண்ணீர் கூடினால் கலவை சொன்னபடி ஓடும், பாண்டு தூக்கும் ஆளுக்கும் வேலை சுலபம், சீக்கிரம் முடியும். ஆனால் கூடிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. அதே போல, கம்பிக்கு அடியில் வைக்க வேண்டிய கவர் பிளாக்குக்குப் பதிலாக உடைந்த ஜல்லியை வைப்பது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும். ஜல்லித் துண்டு நழுவினால் கம்பி அடிப்பலகையிலேயே உட்கார்ந்துவிடும். திண்டிவனத்துக்குக் கிழக்கே போகப் போக இது இன்னும் கடுமையான விஷயம். மரக்காணம் உப்பளக் காற்றும் உவர் நீரும் கம்பியைத் தின்கிற வேகத்தை அந்தப் பக்கத்து வீடுகளின் சன்ஷேடில் பார்க்கலாம். பொரிந்து, வெடித்து, உள்ளே துருக்கம்பி தெரியும். அங்கே உப்புத் தண்ணீரில் கலவை போடுவதில்லை என்று ஒரு கொத்தனார் உறுதியாக நின்றால், அது அந்தக் குடும்பத்துக்கு இருபது வருடத்தை எடுத்துக் கொடுப்பதற்குச் சமம்.

சில்லறை வேலைகளில் மட்டும் இப்படி நடக்கிறது என்று எண்ண வேண்டாம். விழுப்புரத்துக்குப் பக்கத்தில் தளவானூரில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 2021 ஜனவரியில் ஒரு பக்கம் உடைந்தது, அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கமும் போயிற்று. அந்த இழப்பு கசப்பானது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் உடைப்புக்குப் பிறகு பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். ஏனென்றால் அங்கே ஒரு கோப்பு இருந்தது. யார் வரைந்தார், யார் கட்டினார், யார் அளந்து கையெழுத்திட்டார் என்பது தாளில் இருந்தது. மக்கள் கேள்வி கேட்க முடிந்தது. நாம் ஆயுள் சேமிப்பையும் நகைக் கடனையும் போட்டுக் கட்டும் வீட்டுக்கு அப்படி ஒரு தாள்கூடக் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு, வெற்றிலை பாக்கு, அட்வான்ஸ்.

விழுப்புரம் மாவட்டத்துக்கு எழுதி வைப்பது புதிதல்ல. மண்டகப்பட்டுக் குடைவரையில் மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டிவைத்த கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் அந்தக் கோயில் உருவானதைச் சொல்கிறது. ஒரு கட்டடம் எதனால் ஆனது, எது அதில் சேரவில்லை என்பதைச் சுவரிலேயே பதிந்தார்கள், 1,400 ஆண்டுகளுக்கு முன். அதே செங்கல், அதே மரம், அதே உலோகம், அதே சாந்துதான் இன்று நம் வீட்டுக் கணக்கிலும் வருகின்றன. அவற்றை ஒரு முழுத்தாளில் எழுதத்தான் தயங்குகிறோம்.

ஏன் தயங்குகிறோம் என்பதும் தெரிந்ததுதான். எழுதிக் கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும். மேஸ்திரி ஒன்றுவிட்ட சொந்தமாக இருப்பார், அல்லது பக்கத்து வீட்டைக் கட்டியவராக இருப்பார், அல்லது அப்பா காலத்திலிருந்து வருகிறவராக இருப்பார். "என் மேல நம்பிக்கை இல்லையா சார்?" என்று அவர் கேட்டால் நமக்கு முகம் சுருங்கும். உண்மையில் நம்பிக்கை உள்ளவர்களுக்கிடையில்தான் எழுத்து வேண்டும். மொய் நோட்டு எழுதுகிறோமே, உறவில் நம்பிக்கை இல்லாமலா? பத்து வருடம் கழித்தும் மறக்காமல் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதற்காகத்தானே.

தாளில் வர வேண்டியது அதிகமில்லை. வேலை சதுர அடிக் கணக்கா, ஆள் கூலியா, பொருளோடு சேர்த்தா. கலவை என்ன விகிதம், சிமெண்ட் எந்த வகை, மணல் எம்-சாண்டா, பூச்சுக்குப் பி-சாண்டா. தண்ணீர் ஊற்றுவது யார், எத்தனை நாள். முட்டு எந்தத் தேதிக்கு முன் பிரிக்கக்கூடாது. எனக்குத் தனிப்பட்ட முறையில் இந்தக் கடைசி வரிதான் முக்கியம். அது எழுதியிருந்தால் அன்று மேஸ்திரி தாளைக் காட்டியிருப்பார், நான் வாயை மூடியிருப்பேன். கூடுதல் வேலை சொன்னால் அதற்கு அன்றைக்கே ரேட் பேசிக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஒரு அலமாரி, ஒரு லாஃப்ட், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை என்று சேர்ந்துகொண்டே போய், கணக்கு முடிக்கும் நாளில் இரண்டு பேரும் வேறு வேறு தொகையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

பணம் கொடுப்பதில் அரசுத் திட்டம் நமக்கு ஒரு நல்ல வழியைக் காட்டுகிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அதை மொத்தமாகக் கையில் கொடுப்பதில்லை. வேலை எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்று பார்த்துத் தவணையாகக் கொடுக்கிறார்கள். கடைக்கால், லிண்டல், தளம், பூச்சு என்று நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வேலை நடக்காமல் பணம் போகக்கூடாது. வேலை நடந்த பிறகு பணம் ஒரு நாளும் நிற்கக்கூடாது. இரண்டாவதை வீட்டுக்காரர்கள் நெஞ்சில் வைக்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் சித்தாளுக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் மேஸ்திரி கூலி கொடுத்தாக வேண்டும், நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். நாம் திங்கட்கிழமை வா என்று சொன்னால் அவர் வட்டிக்கு வாங்குகிறார். அந்த வட்டியைப் பிறகு நம் வீட்டுக் கலவையிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அதே நேரம், மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கை, ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம், ஒரு ஐப்பசி கார்த்திகை தாண்டும் வரை நிறுத்தி வைப்பதாக முதலிலேயே பேசி எழுதினால் எந்த நேர்மையான மேஸ்திரியும் மறுக்க மாட்டார். மழை தாண்டியதும் அவர் கேட்காமலே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தாள் இருந்தால் சட்டமும் கைகொடுக்கும். வீடு கட்டித் தருவது ஒரு சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்கு மனுக் கட்டணம்கூடக் கிடையாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டங்களைத்தான் பார்க்கும். நம் தெருவில் நடக்கும் தனி வீட்டு வேலை அதில் வராது. ஆனாலும் நீதிமன்றம் வரை போக வேண்டிய வீடுகள் ஒரு தாளால் எவ்வளவோ குறையும் என்பதே என் எண்ணம்.

இப்போது இதை அவசரமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டியே வந்து பார்க்கும் ஆய்வும் இல்லை, முடிவுச் சான்றும் தேவையில்லை. அலுவலக வாசலில் அலைந்த மக்களுக்கு இது பெரிய நிம்மதி, வரவேற்கிறேன். ஆனால் அலுவலகத்தின் கண் விலகிய இடத்தில் யாருடைய கண் இருக்கிறது? வீட்டுக்காரரின் கண், கொத்தனாரின் கண், தெருவாரின் கண். வேறு யாரும் இல்லை.

தொழிலாளியின் பாதுகாப்புக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இல் வந்தது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 நவம்பர் 30-இல் அமைந்தது. சட்டம் சொல்லும் மதிப்பைத் தாண்டிக் கட்டுபவர்கள் வரைபட அனுமதியின்போது கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்தை நல நிதியாகக் கட்டுகிறார்கள். ஆக, நம் வீட்டில் செங்கல் தூக்குகிற பெண்ணின் பிரசவ உதவிக்கும், அவள் பிள்ளையின் படிப்புக்கும், பணியிட விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்குக் கிடைக்கும் உதவித்தொகைக்கும் ஒரு பங்கு நம் பணம். ஆனால் அவள் பதிவு செய்திருந்தால்தான் இந்த உதவிகளில் பெரும்பாலானவை முறையாக அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும். முதல் நாள் வேலைக்கு வந்தவர்களிடம், "வாரிய அட்டை இருக்காம்மா? புதுப்பிச்சாச்சா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? இல்லையென்றால் விழுப்புரம் தொழிலாளர் அலுவலகத்துக்கு அனுப்ப ஒரு அரை நாள் விடுவது பெரிய காரியமா? சாரம் கட்டும்போது கயிறு புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் கடமைதான். விழுந்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்வதைவிட அது மலிவு, மனிதத்தன்மையும் கூட.

சித்தாள் என்று சொன்னதும் ஒன்று உறுத்துகிறது. இருபது, முப்பது வருடம் கொத்தனார் பக்கத்திலேயே நின்று கலவை எடுத்துக் கொடுத்த பெண்களுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியாது என்று எப்படி முடிவு செய்தோம்? தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஆணுக்கு மட்டும் நேர் காட்டும் கருவிகள் இல்லை. வானூர் வட்டத்தில், ஆரோவில்லைச் சுற்றியுள்ள கிராமங்களில், 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் நிறுவனத்தின் அழுத்திய மண்கற்களை வைத்து வளைவும் குவிமாடமும் எழுப்பப் பழகிய கொத்தனார்கள் இருக்கிறார்கள். சூளைச் செங்கல்லைத் தவிர வேறு தெரியாத கைகள் அதைக் கற்றுக்கொண்டன. கற்றுக் கொடுக்க ஆள் இருந்தால் கை கற்றுக்கொள்ளும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை அவற்றின் கதவு ஊர்க் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் திறக்கட்டும். கான்கிரீட் கட்டி எந்த எடையில் நொறுங்குகிறது என்பதைத் தண்ணீர் கூட்டிய கலவையிலும் அளந்த கலவையிலும் ஒரு தடவை கண்ணால் பார்த்தவர், பிறகு குடத்தைக் கவிழ்க்கும் முன் யோசிப்பார்.

இன்னொன்றும் சொல்வேன்: ஊர்க்காரரையே வேலைக்கு வையுங்கள். இதில் வெளியூர், வெளிமாநிலத் தொழிலாளர்மேல் எந்த மனத்தாங்கலும் இல்லை. நம் மாவட்டத்துக் கொத்தனார்களே சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிப் போய்த்தான் அந்த நகரங்களை உயர்த்தினார்கள். வந்த இடத்தில் மதிக்கப்படாததன் வலி நமக்குத் தெரியும். ஊர்க்காரர் என்பதற்கு என் பொருள், மழை பெய்த மூன்றாம் நாள் வந்து நாற்காலி போட்டு ஏறிப் பார்க்கக் கூடியவர். அவர் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கும். திருவிழாவில் எதிரில் வருவார். அந்தப் பார்வைக்காகவாவது அவர் சுவரை நேராகக் கட்டுவார், நாமும் பாக்கியை வைக்க மாட்டோம். கூலியும் இந்தக் கடைத்தெருவிலேயே செலவாகும். திருவக்கரைப் பக்கத்து ஜல்லியும் உள்ளூர்ச் சூளைக் கல்லும் இங்கேயே வாங்கும்போது இங்கேயே கூலி கொடுப்பதில் என்ன கஷ்டம்?

தெருவுக்கும் இதில் பங்கு உண்டு. ரோட்டில் பாதியை அடைத்துக் கொட்டும் ஜல்லியும் எம்-சாண்டும் அடுத்த மழையில் கால்வாய்க்குள் இறங்கும். இடித்த சுவரின் கப்பி இரவோடு இரவாக ஏரிக்கரைக்குப் போகும். கனமழை வந்தால் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் தண்ணீர் நிற்கிறது என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். அந்தத் தண்ணீரின் வழியில் நம் வீட்டுக் கப்பியும் கிடக்கிறதா என்று கேட்டுக்கொள்வதில்லை. கப்பியை எங்கே கொட்டுவது, வண்டிக் கூலி யார் தருவது என்பதும் அந்தத் தாளில் ஒரு வரியாக வரட்டும்.

என் மேஸ்திரி விரிசலை வெட்டி அகலப்படுத்தி, கழுவி, கெட்டியாக அடைத்தார். மேலே தட்டோடு பெயர்ந்த இடத்தில் சரிவு பார்த்து மறுபடி பதித்தார். மூன்று நாள் வேலை. கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். அவருக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. வாரிய அட்டை புதுப்பிக்காமல் கிடந்தது. அவரும் நானும் சேர்ந்துபோய்ப் புதுப்பித்தோம்.

விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளைக் கேட்டுக்கொள்கிறேன்: தமிழில் ஒரு பக்க ஒப்பந்தப் படிவம் அச்சடித்து அலுவலகத்திலும் இணையத்திலும் வையுங்கள், சுயசான்றில் அனுமதி பெறும் ஒவ்வொருவர் கைக்கும் அது போய்ச் சேரட்டும். கட்டடப் பொறியாளர் சங்கங்களும் கொத்தனார் சங்கங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து அதை எழுதிக் கொடுங்கள். அது வரும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தத் தை மாதத்தில் கடைக்கால் தோண்டப் போகிறவர்கள், பிள்ளையின் நோட்டிலிருந்து ஒரு கோடு போட்ட தாளைக் கிழித்து, மேஸ்திரியைத் திண்ணையில் உட்கார வைத்து, முட்டுப் பிரிக்கும் நாளை முதல் வரியாக எழுதுங்கள்.